வெள்ளைப் பூ கொடுத்த கேமரா

என் மகள் கோல் கீப்பர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பந்தை உதைக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு என் கஷ்டம் புரியாது. அவர்கள் பிள்ளை மைதானம் பூராவும் ஓடும். எப்படியும் ஒரு படத்தில் வந்து விழுந்துவிடும். என் பிள்ளை மைதானத்தின் கடைசியில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே, நின்ற இடத்திலேயே நிற்கும். நாங்கள் உட்காருகிற படிக்கட்டிலிருந்து போனில் எடுத்தால் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பெரிய பச்சைப் புள்ளி தெரியும்.

அந்தப் புள்ளியைத்தான் திருப்பூரில் இருக்கிற என் நாத்தனாருக்கு அனுப்புவேன். உடனே போன் வரும்.

"அண்ணி, இதுல கம்பம் எது, நம்ம புள்ள எது?"

"நடுவுல நிக்கறது புள்ள."

"நான் அதத்தான் கம்பம்னு நெனச்சேன்."

குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஸ்வெட்டர், குல்லா, கையுறை, கம்பளிச் சால்வை எல்லாம் விற்கிறோம். காலையில் வீட்டுக்காரர் உட்காருவார், மத்தியானம் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பளியில் அசல் எது, கலப்பு எது என்பதும், காலையில் விளக்கேற்றிவிட்டுத்தான் கல்லாவைத் திறக்க வேண்டும் என்பதும்தான். கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மகள் பதினோராவது படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் பரீட்சை வருஷம், பந்தைத் தொடவே கூடாது என்று அவள் அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அவளும் ஒத்துக்கொண்டாள். ஊட்டியில் நடக்கவிருந்த இறுதி ஆட்டம்தான் அவளுடைய கடைசி ஆட்டம். பிள்ளை முகம் தெரிகிற மாதிரி, கம்பத்துக்கு நடுவே, ஒரே ஒரு படம் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்தச் சமயம் பார்த்து நாங்கள் மாதாமாதம் கட்டிவந்த சீட்டும் விழுந்து கையில் காசு வந்தது.

வீட்டுக்காரருக்கும் ஒரு ஆசை இருந்தது. எங்கள் முன்னறை தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சொந்தக்காரர்கள் வந்தால் எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று போனைத் தூக்குவார். எல்லோரும் அடங்க மாட்டார்கள். பின்னால் நகர்வார், இன்னும் நகர்வார், சமையலறையைத் தாண்டிக் குளியலறைக்குள் போய்விடுவார். ஒரு பொங்கலுக்கு அப்படி நகர்ந்து தண்ணீர் அண்டாவுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் படத்திலும் அவர் தங்கைக்கு, அதுதான் அந்தத் திருப்பூர் நாத்தனாருக்கு, ஒரு பக்கத் தோளைக் காணோம். அவள் அதை இன்னும் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தோளைத் தடவிக்கொண்டேதான் உள்ளே நுழைவாள்.

ஆக, நல்ல கேமராவாகவே ஒன்று வாங்கிவிடுவது என்று கோயமுத்தூருக்கு இறங்கினோம். கடையில் ஒரு தம்பி எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"அக்கா, மொதல்ல இதச் சொல்லுங்க. உங்களுக்கு ஆக்‌ஷன் போட்டோவா, ஃபேமிலி போட்டோவா?"

"எம் புள்ள பந்து புடிக்குமுங்க தம்பி. அது ஆக்‌ஷனுங்களா, ஃபேமிலிங்களா?"

"ரெண்டும்தாங்க்கா."

"அப்ப ரெண்டுக்கும் ஒண்ணாக் குடுங்க."

நோயாளியிடம் டாக்டர் சிரிப்பது போல அவன் சிரித்தான். எங்களிடம் இருக்கிற காசுக்கு இரண்டில் ஒன்றுதான் வரும் என்று சொல்லி, இரண்டு கேமராக்களை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று பெரியது. யாரோ வைத்திருந்து கொடுத்தது, ஆனால் நீளமான லென்ஸ், தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும். இன்னொன்று புதியது, உள்ளங்கையில் அடங்கும், லென்ஸ் குட்டையானது, சின்ன அறைக்குள்ளும் எல்லோரையும் அடக்கிவிடும். தூரத்துக்கு ஆகாது.

நான் பெரியதைத் தூக்கிக் கண்ணில் வைத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பெஞ்சில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் அன்றைக்குச் சவரம் செய்யாததும் தெரிந்தது, டீயில் ஆடை படிந்ததும் தெரிந்தது. யார் வீட்டு ஜன்னலையோ எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி கூச்சமாகப் போய்க் கீழே வைத்துவிட்டேன். ஆனால் மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போனா, முதுமலைக்குப் புலி பாக்கப் போறோம்னு நெனைப்பாங்க புள்ள" என்றார் வீட்டுக்காரர். அவர் சின்னதை எடுத்துக்கொண்டு கடை மூலைக்குப் போனார். அங்கிருந்து ஒரு படம் எடுத்தார். அதில் நான், தம்பி, மேலே ஃபேன், சுவரில் காலண்டர், வாசல் கதவு, வாசலில் நின்ற ஸ்கூட்டர் எல்லாம் இருந்தன. "பாரு, ஒருத்தர் தோளாவது வெட்டுப்பட்டிருக்கா பாரு" என்று அதை என்னிடம் காட்டினார், தம்பியிடம் காட்டினார், பில் போடுகிற பெண்ணிடமும் போய்க் காட்டினார்.

யோசித்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் முன் சீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில் சண்டை போட்டுக்கொண்டே மலை ஏறினோம்.

"புள்ளயோட கடைசி ஆட்டமுங்க."

"ஆட்டம் ஒரு நாளு. குடும்பம் எந்நாளும் இருக்குது."

"குடும்பத்தத்தான் தெனமும் பாக்கறமே. போட்டோ வேற எதுக்கு?"

பர்லியாரில் பஸ் நின்றபோது எங்கள் பேச்சும் நின்றது. இன்ஜின் சத்தம் இல்லாமல் சண்டை போட்டால் எல்லோருக்கும் கேட்கும். அந்த அமைதியில்தான் எனக்கு அது தோன்றியது.

"ஏனுங்க, அம்மன்கிட்ட பூக் கேட்டுறலாமுங்களா?"

அவர் உடனே சரி என்றார். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது, போர் போடுவது, கடை வைப்பது எல்லாமே பூக் கேட்டுத்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், செவ்வரளியை ஒரு பொட்டலம், இலையில் வைத்து ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். இந்தப் பூ வந்தால் இது, அந்தப் பூ வந்தால் அது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவார். வந்ததுதான் உத்தரவு. அதற்கு மேல் பேச்சில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம்.

"என்ன காரியமுன்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாம். வாயத் தொறக்காம மனசுல வெச்சுக்குங்க" என்றார் பூசாரி.

நான் கண்ணை மூடினேன். தாயே, வெள்ளை வந்தால் பெரிய கேமரா, சிவப்பு வந்தால் சின்னது. மனசார வேண்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது வீட்டுக்காரர் என்னைவிட உருக்கமாக நின்றுகொண்டிருந்தார். உதடு துடித்தது. பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நந்தியாவட்டை, பால் போல வெள்ளை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. தன் ஆசை போய்விட்டதே என்று முகம் சுளிக்காமல், அம்மன் சொன்னதற்கு இப்படிக் கண் கலங்குகிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் அவர் எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார். நான் அவருக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நாங்கள் அப்படி நடந்தது கல்யாணமான புதிதில்கூட இல்லை. வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் கேமரா பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள் கடையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. "நீ இரு, நான் போய் வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார்.

"அம்மன் சொன்னதையே வாங்கிட்டு வாங்க."

"அதுல என்ன சந்தேகம்."

சாயங்காலம் ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழத்தோடும், அதற்கடியில் ஒரு பெட்டியோடும் வந்தார். பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பிரித்தோம். உள்ளே சின்ன கேமரா இருந்தது.

"ஏனுங்க, பெரிசு எங்கங்க?"

"எந்தப் பெரிசு?"

"அம்மன் குடுத்ததுங்க."

"அம்மன் குடுத்தது இதுதான புள்ள."

தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகள் பேனாவை வைத்தாள். "ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் வெள்ளைப் பூவுக்கு எந்த கேமராவ நெனச்சீங்க?"

"பெரிசு" என்றேன் நான். "சின்னது" என்றார் அவர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. வெள்ளை நல்ல பூ, அதனால் அதை அவரவர் ஆசைக்கே வைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒரு முழம் மல்லிகை எதற்காக வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. தோற்றுப்போனவளுக்கு ஆறுதலாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். மகள் சிரித்துச் சிரித்துக் கணக்கு நோட்டின் மேலேயே படுத்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் கோயிலுக்கு ஓடினோம். பூசாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மறுபடி ஒருக்கா பூக் கேக்கலாமுங்களா?" என்றேன்.

"ஒரு காரியத்துக்கு ஒரு தடவதானுங்க."

"அப்ப அம்மன் யாருக்குக் குடுத்தாங்க? எனக்கா, அவருக்கா?"

"அம்மன் பூவக் குடுத்தா. கேமராவ ஊட்டுக்காரர் வாங்கிட்டு வந்துட்டார். இனி நான் என்னங்க பண்ணட்டும்?" என்று விபூதித் தட்டை நீட்டினார்.

ஆகவே சின்ன கேமராதான் எங்களுக்கு உத்தரவு. எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அம்மன் காலடியில் இருந்து வந்த பிறகு முணுமுணுப்பது தப்பு. கிட்டே போய் எடுத்தால் ஆயிற்று. கேமரா தலையில் ஒரு சக்கரம் இருந்தது. அதில் ஓடுகிற மனுஷன் படத்துக்குத் திருப்பி வைத்தால் ஓடுகிறவர்கள் கலங்காமல் விழுவார்கள் என்று கடைத் தம்பி சொல்லியிருந்தானாம். வீட்டுக்காரரைத் தெருவில் மேலும் கீழுமாக ஓடவிட்டுப் பழகினேன். அவர் ஓட, தெரு நாய் இரண்டு அவர் பின்னால் ஓட, படங்கள் தெளிவாக வந்தன. நாய்கள் இன்னும் தெளிவாக வந்தன.

ஆட்டத்தன்று ஊட்டியில் வெயில் அடித்தது. நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு நேராக மகள் நிற்கிற கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். விளையாட்டு டீச்சர் வந்தார்.

"அம்மா, இங்க உக்காரக் கூடாதே."

"சத்தமே போட மாட்டனுங்க டீச்சர். இது அம்மன் குடுத்த கேமராங்க, தூரத்துக்கு ஆகாதுங்க."

டீச்சர் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். படிக்கட்டுப் பக்கம் ஒருவர் என் கை நீளத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு நின்றார், எதிர்ப் பள்ளிக்கூடத்துக்காக வந்தவர். அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன்.

ஆட்டம் தொடங்கியதும் கேமரா என் மகளை விட்டுவிட்டு வலையை மட்டும் தெளிவாக எடுத்தது. ஸ்டூலை முன்னால் நகர்த்தி, வலைக் கண்ணி ஒன்றுக்குள் லென்ஸை நுழைத்தேன். இப்போது மகள் தெளிவாகத் தெரிந்தாள். கைக்கெட்டும் தூரம். முதுகில் நம்பர், அதற்கு மேல் குதிரைவால் சடை, அதில் நான் காலையில் கட்டிவிட்ட ரப்பர் பேண்ட். எவ்வளவு எடுத்தாலும் அதுதான். கோல் கீப்பர் பந்து வருகிற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது கடை யோசனையிலும் வரவில்லை, பஸ் சண்டையிலும் வரவில்லை, பூக் கேட்கும்போதும் வரவில்லை.

"கண்ணு" என்று மெல்லக் கூப்பிட்டேன். "ஒரே ஒருக்கா திரும்பு சாமி."

"அம்மா, சும்மா இரு" என்றாள், திரும்பாமலே.

எதிரணியில் ஒரு உயரமான பிள்ளை இருந்தது. இரண்டு தடவை பந்தோடு வந்தது, இரண்டு தடவையும் என் மகள் பாய்ந்து பிடித்தாள். பிடிக்கிறாள், சந்தோஷம். ஆனால் முதுகுதான் எனக்கு. எனக்கு ஒன்று தோன்றியது. கோல் விழுந்தால்தான் கீப்பர் வலைப் பக்கம் திரும்புவாள். பந்தை எடுக்க வேண்டுமே. திரும்பினால் முகம். நான் சாமி கும்பிடுகிறவள். வேண்டுமென்று வேண்டவில்லை. ஆனால் "தாயே" என்று ஆரம்பித்து "ஒரே ஒரு" என்பது வரைக்கும் மனசு போய்விட்டது. அடுத்த வார்த்தை வருவதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மனுக்கு அந்த அளவு போதும் போலிருக்கிறது. உயரமான பிள்ளை அடித்த பந்து என் மகளின் கையைத் தாண்டி வந்து வலையில் மோதியது. மோதிய இடம் சரியாக என் லென்ஸ் இருந்த இடம். வலை கேமராவைத் தள்ளியது, கேமரா என் மூக்கைத் தள்ளியது, நான் ஸ்டூலோடு புல்லில் மல்லாந்தேன். மகள் திரும்பினாள். முழு முகம், நல்ல வெயில், நேருக்கு நேர். என் விரல் பட்டனிலேயே இருந்ததால் கேமரா தடதடவென்று எடுத்துத் தள்ளியது, எல்லாமே ஆகாயத்தை.

"மா, அடி பட்டுச்சா?" என்று வலைக்குள் கையை விட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ பந்தப் பாரு கண்ணு" என்றேன். கோல் விழுந்த வருத்தத்திலும் அவள் என் மூக்கைத்தான் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அம்மனுக்கு ஒரு தேங்காய் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன், இந்தத் தடவை வாக்கியத்தை முழுசாக முடித்து, இனி ஒரு கோலும் வேண்டாம் என்று.

பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள் என்பதையும் மறந்துபோயிருந்தேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அந்தக் கோலுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. வீட்டுக்காரர் படிக்கட்டில் இருந்து எழுந்து வந்து ஸ்டூலை வாங்கிக்கொண்டார். மூக்கைப் பார்த்தார். "அந்தப் பெருசா இருந்திருந்தா மூக்கே இருக்காது புள்ள" என்று மட்டும் சொன்னார்.

பிறகு மேகம் இறங்கியது. ஊட்டியில் அது கேட்டுக்கொண்டா வரும். படிக்கட்டு மறைந்தது, நடு மைதானம் மறைந்தது. நீள லென்ஸ்காரர் மூடியை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எங்கள் பிள்ளைகள் அந்த வெள்ளைக்குள் எங்கேயோ இரண்டு கோல் போட்டார்கள் என்பது கூச்சலை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது மகளின் சடை மட்டும்.

ஆட்டம் முடிகிற சமயம். எதிரணி அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போய் மேகத்துக்குள் உருண்டு வந்து என் ஸ்டூலுக்கு அடியில், நான் போர்த்தியிருந்த சால்வையின் மறைவில் நின்றுவிட்டது. பந்தைத் தேடிக்கொண்டு மகள் வலையைச் சுற்றி வந்தாள். வெள்ளைக்குள் இருந்து முதலில் கையுறை வந்தது, பிறகு பச்சைச் சட்டை, பிறகு சேறு அப்பிய முகம். என்னைப் பார்த்து நேராக நடந்து வருகிறாள். நான் கேமராவைத் தூக்கினேன்.

"அம்மா, பந்து எங்க?"

"இரு கண்ணு, அப்படியே நில்லு."

"ஸ்டூலுக்கு அடியில இருக்கு. எந்திரி."

"கொஞ்சம் இரு சாமி, முடி கண்ணுல விழுகுது, ஒதுக்கிவிடு."

"அம்மா, எந்திரி" என்று அவள் வாயை முழுசாகத் திறந்து கத்தினாள். பின்னால் விசில் அடித்தது. நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம் அல்லவா, கீப்பர் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துகிறாள் என்று எதிர்ப் பிள்ளைகள் முறையிட்டிருக்கிறார்கள். ரெஃப்ரி மேகத்துக்குள் இருந்து வந்து என் மகளுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். இத்தனை வருஷமாக விளையாடியும் அவள் வாங்கிய ஒரே அட்டை அது. நான் எழுந்து, "தப்பு எம்மேலதானுங்க சார், அட்டைய எங்கிட்டக் குடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ரெண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். பஸ்ஸில் கேத்தி வரும்வரை மகள் என்னோடு பேசவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவோடு மட்டும் பேசினாள். கேத்தி தாண்டியதும் கையை நீட்டி, "காட்டு, என்ன எடுத்த" என்றாள்.

காட்டினேன். முடி கண்ணில் விழுந்திருக்கிறது. கன்னத்தில் சேறு, வாய் திறந்திருக்கிறது, புருவம் இரண்டும் மேலே ஏறியிருக்கின்றன. ஒவ்வொரு பல்லும் தெளிவு. பின்னால் ஒன்றுமே இல்லை, சுத்த வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு பக்கமாகக் கம்பம் லேசாகத் தெரிகிறது.

"ஐயோ, இத யாருக்கும் அனுப்பாத" என்றாள். அதற்குள் நாத்தனாருக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று அவள் அப்பா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடிச் சட்டம் மாட்டிக் கடையில் வைத்திருக்கிறோம். "அத எடுத்துரும்மா, என்னப் பாத்து பயந்துட்டு ஒருத்தரும் குல்லா வாங்க மாட்டாங்க" என்று மகள் சொல்லிப் பார்த்துவிட்டாள். சுற்றுலா வருகிறவர்கள் பேரம் பேசும்போது ஒரு கண் படத்தின் மேல் போகிறது, பிறகு ஒழுங்காகச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்கிறார்கள். நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, இது நம்ம புள்ளதான்னு பாத்ததுமே தெரிஞ்சுருச்சு. எங்கண்ணன் கோவப்பட்டா இப்படித்தான்" என்றாள். அவள் தோள் பிரச்சினையும் பொங்கலுக்குத் தீர்ந்தது. வீட்டுக்காரர் குளியலறைக்குப் போகாமலே எடுத்தார்.

சட்டம் போட்டு வந்த அன்றே அதைத் தேங்காயோடு கோயிலுக்கு எடுத்துப் போனேன். பூசாரி வாங்கி அம்மன் காலடியில் வைத்து, சூடம் காட்டி, புது வண்டிக்கு வைப்பது போலக் கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சரியாக மகளின் நெற்றியில் விழுந்தது. திரும்ப என் கையில் கொடுக்கும்போது ஒரு தரம் அம்மனைப் பார்த்தார், ஒரு தரம் படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விரிந்த கண், திறந்த வாய், நெற்றியில் குங்குமம். எங்கள் மாரியம்மனும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"இது யாரைங்க இப்படி அதட்டறது?" என்றார் பூசாரி.

"என்னையத்தானுங்க" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அம்மனுக்காக ஒரு தடவை, படத்துக்காக ஒரு தடவை.